கோட்டுக்கு மேலே ஒரு வீடு

மந்தியோடையில் அணை வரப்போகிறது என்ற பேச்சு அந்த மலையில் எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜீப்பில் நாலு பேர் வருவார்கள், ஓடையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசுவார்கள், முக்குக் கடையில் பரோட்டாவும் பீஃப் கறியும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி போய்விடுவார்கள். அதனால் இந்த முறை வந்தவர்களையும் உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காட்டு ஜனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இவர்கள் போகிற வழியாக இல்லை. முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். வண்டு மாதிரி இரைகிற யந்திரத்தை வானத்தில் பறக்கவிட்டார்கள். பாறையைத் துளைத்து, உருளை உருளையாகக் கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். கல்லையே பெட்டி கட்டிக் கொண்டுபோகிறவன் சும்மா வந்தவன் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சர்ச்சுக் கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கமும் சொன்னார்கள். சொன்னவர் ஜிஜோ என்ற சர்வே ஓவர்சியர். தமிழும் மலையாளமும் கலந்து, நிதானமாகப் பேசுகிற மனிதர். "இவிடெ அணை. மலைக்குள்ளே டனல். அப்புறத்து பவர்ஹவுஸ். கரண்டு எடுத்த வெள்ளமும் வெறுதே போகாது, தாழே கிருஷிக்குப் போகும். மழையே இல்லாத எத்தனை ஊரு இருக்கு தாழே!"

கீழே காய்ந்து கிடக்கிற ஊர்களைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிப் பேருடைய அப்பன் தாத்தன் அந்த வறட்சிக்குப் பயந்துதான் மலையேறி வந்தவர்கள்.

"நம்ம ஓட ரெண்டு வேல பாக்கப் போகுதுண்ணே. நமக்கு ஒரு வேலையே ஒழுங்காக் கெடைக்கல" என்று சங்கையா பக்கத்தில் இருந்த பாஸ்கலின் காதைக் கடித்தான்.

பாஸ்கல் சிரிக்கவில்லை. எழுந்து, "தண்ணி எவ்வளவு ஒசரத்துக்கு நிக்கும் சாரே?" என்று கேட்டார்.

"அதுதான் சேட்டா இனி அடையாளம் வெக்கப் போறோம். சிவப்புத் துணி கட்டின கம்பு நிக்கிற இடம்வரைக்கும் வெள்ளம் வரும்."

பாஸ்கல் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற வேலைக்காரர். ராயப்பன்பட்டியிலிருந்து வந்த அப்பாவுக்குப் பிறகு அதே புகையில் நின்று முடி நரைத்தவர். அந்த சீசனோடு அவருக்கு ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும், அது எஸ்டேட் வீடு. மகள் ஆன்மேரி திருப்பூரில் ஒற்றை அறையில் புருஷனோடும் மாமியாரோடும் இருக்கிறாள்; அங்கே போய் ஒண்ட முடியாது. அதற்காகத்தான் ஓடைக்கு மேலே, ஏலக்காட்டு ஓரத்துச் சரிவில், அஞ்சு சென்ட் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் லிண்டில் மட்டத்துக்கு வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அடுத்தவன் கூரைக்கடியில் கிடந்த மனிதருக்கு அந்தக் கூரையில்லாத வீடுதான் உலகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய், சுவருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவார்.

அவருடைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே சங்கையாவின் இடம். அங்கே அவனும் அரைச் சுவர் எழுப்பியிருந்தான். மருந்தடிக்கிற வேலைக்காரன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். சாமி வேறு, சாதி வேறு என்றாலும் ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் இருந்து பழகி, பாஸ்கல் அவனுக்கு அண்ணனாகவும் பாஸ்கலின் மனைவி ரோசி மதினியாகவும் ஆகி வெகுகாலம். ரோசியும் சங்கையாவின் மனைவி சின்னத்தாயும் காய் எடுக்கப் பக்கத்துப் பக்கத்து நிரைதான் பிடிப்பார்கள்.

ஜிஜோவின் ஆட்கள் ஏலக்காட்டுக்குள் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். தரையோடு தரையாக மரக் குற்றியை அடிப்பார்கள். சருகுக்குள் அது தெரியாது என்பதால் பக்கத்தில் ஆளுயர மூங்கில் கம்பு நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு எந்த ஊரிலும் அப்படி ஒரு தப்பு நடக்க வழியில்லை.

ஏலச்செடி ஆளை முழுங்குகிற செடி. பக்கத்து நிரையில் இருப்பவளை இலைக்கு நடுவே கண்டால்தான் உண்டு. காய்க்கிற சரம் தரையோடு கிடக்கும் என்பதால் தூருக்குத் தூர் குத்தவைத்துத்தான் காய் எடுக்க வேண்டும். சாயங்காலம் எந்தத் தூரில் விட்டோம் என்பது மறுநாள் தெரியவேண்டுமே. அதற்கு நிரைக்கொரு கம்பு, உச்சியில் துணி. மேலிருந்து கீழே வேலை இறங்க இறங்க, கம்பையும் பிடுங்கிக் கீழே நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தாலும் மறப்பார்களே தவிர அதை மறக்கமாட்டார்கள். அந்தச் சுற்றுக்கு சூப்பர்வைசர் அருண்பாண்டி எல்லாப் பெண்களுக்கும் புதுத் துணி கிழித்துக் கொடுத்திருந்தான். தேர்தல் முடிந்து ரோட்டில் அறுந்து தொங்கிய தோரணத் துணி. நல்ல சிவப்பு.

அந்தச் சனிக்கிழமை ரோசி கீழ்த்தூர்களில் குனிந்திருந்த நேரத்தில் சர்வே ஆட்கள் அவள் நிரையின் மேல் தலைப்புக்கு வந்தார்கள். வழி வெட்டினார்கள். வெட்டின குப்பையோடு ரோசியின் கம்பையும் தூக்கி எறிந்தார்கள். தங்கள் குற்றியை அடித்து, தங்கள் கம்பை நட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டு ரோசி மேலே வந்தாள். நிரைத் தலைப்பில் சிவப்புத் துணியோடு ஒரு கம்பு. பிடுங்கினாள், கீழே வேலை விட்ட தூரில் கொண்டுபோய் நட்டாள். கை தன் பாட்டுக்குச் செய்தது. மனசு வீட்டில் உலை வைக்கிற நினைப்பில் இருந்தது. திங்கட்கிழமை அருண்பாண்டி எல்லோரையும் மேல்காட்டுக்கு மாற்றிவிட்டான். கம்பு அங்கேயே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாஸ்கல் வேட்டியைக்கூட மாற்றவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூபில் தண்ணீர் நிறைத்து எடுத்துக்கொண்டு, சங்கையாவைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டை ஒட்டிய ஏலக்காட்டில் நின்ற சிவப்புத் துணிக் கம்படியில் ஒரு நுனியைச் சங்கையா பிடிக்க, மறு நுனியோடு பாஸ்கல் தங்கள் இடத்துக்கு நடந்தார். நடுவில் செடியில் மாட்டினதை விடுவித்து, குமிழி போக டியூபைத் தட்டி, தண்ணீர் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணே நிக்குது?" என்று செடிக்குள்ளிருந்து சங்கையா கத்தினான்.

"என் கடக்காலுக்குக் கீழடா!" பாஸ்கலின் குரல் உடைந்தது. "நல்லாக் கீழ!"

"எனக்கு?"

பாஸ்கல் கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீர் நின்ற மட்டத்திலிருந்து பார்த்தால் சங்கையாவின் சுவர் முக்கால்வாசி உள்ளே இருந்தது. சங்கையாவே டியூபைப் போட்டுவிட்டு வந்து பார்த்தான்.

"நெசந்தானாண்ணே?"

"தண்ணி மட்டம் பொய் சொல்லாதுடா."

சங்கையா கொஞ்ச நேரம் தன் சுவரையே பார்த்தான். பிறகு, "சரி விடுங்க. ஒருத்தராவது தப்பிச்சோம்ல" என்றான். அப்படிச் சொல்ல எல்லோருக்கும் வராது. பாஸ்கல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். தனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்குள் போகிற வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வேறு இடமும் வீடும் தருவார்கள் என்று பேச்சு வந்தது. குடியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. சங்கையா அன்றைக்கே அரைச் சுவருக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, பெண்டாட்டியோடு லயத்திலிருந்து இறங்கி வந்துவிட்டான். சின்னத்தாய் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். மழை தார்ப்பாயைக் கிழிக்கிற மாதிரி பெய்தது.

கணக்கெடுக்க வந்தவள் டின்சி என்ற சின்னப் பெண். அன்றைக்கு பாஸ்கலும் ரோசியும் தங்கள் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டின்சி சங்கையா வீட்டை முடித்துவிட்டு மேலே ஏறி வந்து, போனில் படம் பிடித்தபடி கேட்டாள்.

"சேட்டா, இவிடெ தாமசம் உண்டோ?"

"இல்லம்மா, லயத்துல இருக்கோம். கூரயே போடலியே."

சங்கையா பின்னாலேயே ஏறி வந்திருந்தான். "அண்ணே, இருக்கோம்னு சொல்லி வைங்க. ஒரு பாயக் கட்டிக்கிட்டா ஆச்சு. சொல்றதுல என்ன கொறஞ்சு போகுது?"

"முழுகுறவுக எழுதிக்கட்டும்டா. நமக்கு எதுக்குப் பொய்?"

ரோசிக்கும் அதுதான் எண்ணம். அவளுக்குப் பொய்யைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "வேண்டாம் தம்பி. பால் காய்ச்சாத வீடு. முழுகுற வீட்டோட சேத்துப் பேரு சொல்லக்கூடாது. மாதா காப்பாத்துவா." டின்சியிடம் திரும்பி, "இங்க யாரும் இல்லம்மா, யாருமே இல்ல" என்று கையை ஆட்டிச் சொன்னாள். அதுவும் போனில் பதிவானது.

மழை விட்ட முதல் வாரத்தில் கூரை போட்டார்கள். லயமே இறங்கி வந்தது. ரோட்டிலிருந்து ஜல்லியும் மணலும் தலைச்சுமையாக இறங்கின. பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். சங்கையா கலவை கொட்டுகிற இடத்தில் முழங்கால்வரை சிமிண்டோடு நின்று எல்லோரையும் விரட்டினான். "சீக்கிரம் வாங்கடி, ரோசி மதினி வீட்டுக் கூர ரோசாப்பூ மாதிரி வரணும்!" மத்தியானம் கப்பைக்கிழங்கும் மத்திக் கறியும். பாஸ்கலுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஈரக் கூரையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே, கையில் கிழங்கோடு நின்றார். ரோசி அவரை அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

கூரைக்கு முட்டுக்கொடுத்த பலகையைப் பிரிக்கிற அன்றுதான் ஜிஜோ கருவியோடு வந்தார், போட்ட கோட்டைச் சரிபார்க்க. வீட்டை ஒட்டிய ஏலக்காட்டுக்குள் ரொம்ப நேரம் நின்றார். பிறகு நேரே ரோசியின் நிரைத் தலைப்புக்கு ஏறி, சருகைக் காலால் தள்ளினார்.

"குற்றி இவிடெத்தன்னெ உண்டு" என்றார். "கம்பைத்தான் ஆரோ பிடுங்கித் தாழே நட்டிருக்காங்க."

பாஸ்கல் பலகையைக் கீழே வைத்தார். "அப்ப... தண்ணி?"

ஜிஜோ பாஸ்கலின் புதுக் கூரையைப் பார்த்தார். பிறகு கையைச் சமையலறை ஜன்னலுக்கு மேலே காட்டினார். "கம்பு சும்மா ஆளுக தெரிஞ்சுக்கத்தானே சேட்டா. கம்பைப் பாத்தா வெள்ளம் வரும்?"

"நான் இங்க குடி வர்றேன் சாரே. இன்னைக்கே வர்றேன். எங்க பேரையும் சேத்துக்கங்க."

"அது முடிஞ்சு போச்சல்லோ. இடத்துக்கு என்னமோ கிட்டும். வீடு... நிங்ஙள்தன்னே சொல்லியிருக்கீங்க, ஆரும் இல்லன்னு. ஞான் எழுதிப் பாக்கறேன்." நல்ல மனிதர்தான். முகம் சுருங்கிப் போய்த்தான் சொன்னார். எழுதியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ரோசி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சாரலும், நிரைத் தலைப்பும், கைக்குள் நனைந்திருந்த மூங்கிலும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் பாஸ்கல் சங்கையாவின் தார்ப்பாயைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

இழந்தவனுக்கு யாரையாவது கைகாட்டியாக வேண்டும். பக்கத்தில் இருந்தவன் சங்கையா. கம்படியில் டியூபைப் பிடித்தவனும் அவன்தான். அடுத்த சந்தையன்று கம்பம்மெட்டில், காய்க் கடைகளுக்கு முன்னால், ஊரே பார்க்க பாஸ்கல் அவன் சட்டையைப் பிடித்தார்.

"நீ மட்டும் எடம் வாங்கணும்னு கம்பப் பிடுங்கி நட்டியாடா? என்னைய வெளிய நிக்க வச்சிட்டு நீ மட்டும் உள்ள போயிக்கிட்டியா? ஒரே சட்டியில தின்ன நாயே, ஒனக்குப் புள்ள இல்லாமப் போனது சும்மாவாடா?"

கடைசி வார்த்தையைக் கேட்டுச் சுற்றி நின்றவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கையா சட்டையை விடுவித்துக்கொண்டான். கீழே சிந்தின பச்சை மிளகாயைக் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டான். ஒன்றும் பேசாமல் ஜீப் ஏறிப் போனான். பேசாமல் போனதையே பாஸ்கல் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. மேலே பாறை ஊற்றிலிருந்து சங்கையா வீட்டுக்குப் போகிற கறுப்பு ஓஸ் பாஸ்கலின் இடம் வழியாகத்தான் போனது. அதைப் பிடுங்கிச் சுருட்டிக் காட்டுக்குள் எறிந்தார். சின்னத்தாய் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தாள். வேலைக்காட்டில் ரோசிக்குப் பக்கத்து நிரையில்தான் உட்கார்ந்தாள், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோனது. வெற்றிலை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான். ரோசி பாவசங்கீர்த்தனக் கூண்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். சாமியாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறார்.

ஒருநாள் மழையில் சின்னத்தாய் குடத்தோடு வழுக்கி, கல்லில் முழங்கை அடிபட்டு விழுந்தாள். ரோசி ஓடிப்போய்த் தூக்கினாள். சின்னத்தாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னுமில்ல மதினி, போங்க. அண்ணன் பாத்தா சத்தம் போடுவாரு" என்றாள்.

ரோசி அங்கிருந்து நேரே ஸ்டோருக்குப் போனாள். பாஸ்கல் உலர்த்துகிற அறையில் காயைக் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே வெக்கை. ஏலக்காய் வாசனை கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இருந்தது.

"ஏங்க, அந்தக் கம்பச் சங்கையா பிடுங்கல. நாந்தான் பிடுங்குனேன்."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. காதில் விழவில்லையோ என்று அவள் இன்னொரு முறை சொன்னாள். எப்படி நடந்தது என்பதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகப் போக அழுகை வந்துவிட்டது. "என் நெரைக் கம்புன்னு நெனச்சிட்டேங்க. ஒங்க கூரைய நானே தண்ணிக்குள்ள போட்டுட்டேன்."

"ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க அவரக் கேட்ட கேள்வியச் சந்தையில எல்லாரும் சொன்னாக. அதே வாயால என்னையும் கேட்டுருவீகளோன்னு பயந்துட்டேன். எனக்கு ரெண்டு புள்ள வயித்துலயே போச்சுல்ல. அத எடுத்துச் சொல்லிட்டா நான் தாங்கமாட்டேங்க."

பாஸ்கல் கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தார். அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே இறங்கிப் போனார்.

சங்கையா தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து ஈர விறகைப் பிளந்துகொண்டிருந்தான். சின்னத்தாய் ஒற்றைக் கையால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பாஸ்கல் உள்ளே வராமல் சாரலிலேயே நின்றார்.

"சங்கையா, அந்தக் கம்ப..."

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"இவ அன்னைக்குப் பக்கத்து நெரையிலதான இருந்தா. மதினி கம்பத் தூக்கிட்டு எறங்குனதப் பாத்திருக்கா. சர்வேக் கம்புன்னு அவளுக்கும் அப்பத் தெரியல. ஓவர்சியர் வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரிதான் சொன்னா."

"அப்ப சந்தையில ஒன்னைய நாக்கப் பிடுங்குற மாதிரி கேட்டேனேடா. கேக்கக்கூடாததக் கேட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சங்கையா விறகை ஓரமாக ஒதுக்கினான். "கேட்டீக. வலிக்கத்தான் செஞ்சுச்சு. இவ ரெண்டு நாளு சாப்புடல. ஆனா எனக்கு விழுந்த பேச்சு எங்கூடப் போயிரும்ணே. நாளைக்கே எங்கயாவது எடம் குடுப்பாக, போயிருவோம், ஒங்க மொகத்துல முழிக்கக்கூட வேண்டாம். மதினி அப்பிடியா? அந்தப் பேச்ச அவுகளப் பாத்துக் கேட்டிருந்தா அவுக எங்க போவாக? ரெண்டு பேரும் ஒரே வீட்டுலல்ல இருக்கணும்."

பாஸ்கல் அண்ணாந்து மேலே பார்த்தார். மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது கூரை.

"எந்த வீட்டுலடா?" என்றார்.

கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். சங்கையா நகர்ந்து உட்கார்ந்து, தார்ப்பாய்க்கடியில் அவருக்கு இடம் விட்டான்.